ஆயிலை நீங்களே மாற்றலாம், பிரேக்கை மெக்கானிக்கிடம் விடுங்கள்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் கார் 2015 டொயோட்டா கொரோல்லா குவெஸ்ட் 1.6, இதுவரை 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சர்வீஸ். மெக்கானிக் 2,600 ராண்ட் கேட்கிறார். ஆயில், ஃபில்டரை நானே வாங்கினால் 1,200 ராண்டில் முடிந்துவிடும். கருவிகள் 3,500 ராண்ட், கடையில் தவணைக்குத் தருகிறார்கள். முன் பிரேக் பேடும் தேய்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் நானே செய்வது லாபமா?

பதில்: ஆண்டுக்கு 1,400 ராண்ட் மிச்சம், இரண்டரை ஆண்டில் கருவிக் காசு திரும்பிவிடும் என்பது உங்கள் கணக்கு. அதில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது. மெக்கானிக் ஆயிலை மட்டும் மாற்றுவதில்லை. வண்டியைத் தூக்கியிருக்கும்போதே சிவி ஜாயிண்ட் (என்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு) ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஷாக் அப்சார்பர் கசிகிறதா, டயரின் உள்பக்கம் தேய்கிறதா என்றும் பார்த்துவிடுவார். அந்தப் பரிசோதனைக்குத் தனியாக 400 ராண்ட் கொடுக்க வேண்டிவந்தால் உங்கள் மிச்சம் 1,000 ராண்ட்தான். அப்போது மூன்றரை ஆண்டு ஆகும், தவணை வட்டி சேர்ந்தால் அதற்கும் மேல். ஆகவே தவணை வேண்டாம். மாதம் 220 ராண்ட் ஒதுக்கினால் ஆண்டு சர்வீஸ் செலவு அதிலேயே அடங்கும். கருவிகளைக் கைக்காசு சேரச் சேர வாங்குங்கள். முதலில் வாங்க வேண்டியவை தூக்கிய வண்டியைத் தாங்கும் இரண்டு ஸ்டாண்டும், குறித்த அளவுக்கு மட்டும் போல்ட்டை முறுக்க உதவும் டார்க் ரென்ச்சும்.

ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். உங்கள் வீட்டு வாசல் சரிவாக இருந்தால் இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

தரை சமமாக இருந்தால் ஆயில் வேலை கடினமில்லை. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடியுங்கள். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு டார்க் ரென்ச்சில் 37 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும், பல ஆண்டு மிச்சம் அந்த ஒரு ரிப்பேரில் கரையும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீறிட்டு வெளியேறும். இந்த என்ஜினுக்கு ஃபில்டரோடு சுமார் 4.2 லிட்டர் பிடிக்கும். முதலில் 4 லிட்டர் ஊற்றி, ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேருங்கள். பழைய ஆயிலைக் காலி கேனிலேயே ஊற்றி, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு எடுக்கும் ரோஸ் ஃபவுண்டேஷன் ஏற்பாட்டில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். ரசீதுகளைக் கி.மீ. குறித்து வையுங்கள், விற்கும்போது பேரம் பேச உதவும். ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி இவற்றுக்கெல்லாம் கூலி கொடுக்கத் தேவையில்லை.

பிரேக் விஷயம் வேறு. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பின் இறுகியிருந்தால் புதுப் பேடும் ஒருபக்கமாகத் தேயும். டிஸ்க்கின் தடிமன் அதில் பொறித்திருக்கும் அளவுக்குக் கீழே போயிருந்தால் பேடை மட்டும் மாற்றிப் பயனில்லை. பேட் மாட்டியபின் பெடலைப் பலமுறை அழுத்தாமல் வண்டியை எடுத்தால் முதல் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. சட்டமும் இங்கே மெக்கானிக்கிடம் போவோருக்குத்தான் துணை. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறையில் பொருத்திய புது பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. நீங்களே பொருத்தினால் பாகத்தில் குறை இருந்தால் மட்டுமே கடைக்காரரைக் கேட்கலாம். வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், பாகமும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். கழற்றிய பழைய பேடுகளையும் கேட்டு வாங்குங்கள், அதற்கும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது.