ஓட்டோகேட்டில் லேயர்களை எப்படிப் பிரிப்பது? டெம்ப்ளேட் தேவைதானா?

கணினியில் படம் கீறும் ஓட்டோகேட் மென்பொருளில் வீட்டு பிளான் கீறத் தொடங்கியிருக்கிறீர்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்று வைத்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு. எல்லாவற்றையும் ஒரே லேயரில் கீறி நிறத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

மட்டக்களப்பில் வேலை தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் கீறினேன். கல்லடியில் ஒரு வீடு. மேசனுக்கு, வயரிங் செய்பவருக்கு, அனுமதிக்கு என்று ஒரே பிளானை மூன்று கொப்பியாக வைத்திருந்தேன். குசினிக் கதவைக் கிணற்றுப் பக்கம் மாற்றச் சொன்னார் வீட்டுக்கார அக்கா. இரண்டு கொப்பியில் மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்துபோனேன். மேசனிடம் போனது அந்த மூன்றாவதுதான். கட்டிய சுவரை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். கல்லும் சீமெந்தும் கூலியும் அந்தக் குடும்பத்தின் காசு. இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

சுவரை ஒரு தரம்தான் கீற வேண்டும். அதற்காகத்தான் லேயர். பிரிக்கும்போது, அந்தத் தாளை யார் கையில் வைத்திருக்கப் போகிறார் என்று யோசியுங்கள். மேசனுக்குச் சுவர், தூண், கதவு யன்னல், அளவுகள் வேண்டும். வயரிங் செய்பவருக்குச் சுவரும் லைட், சுவிட்ச் இடங்களும் போதும். மேசனுக்குரிய அளவுகள் அவருக்கு இடைஞ்சல். ஒவ்வொருவருக்கும் ஒரு லேஅவுட் தாள் (பிரிண்ட் எடுக்கும் தாள்) போட்டு, அதன் வியூபோர்ட்டில், அதாவது பிளானைக் காட்டும் சட்டத்தில், தேவையில்லாத லேயர்களை மட்டும் ஃப்ரீஸ் பண்ணி மறையுங்கள். கதவை மாடலில், அதாவது பிளானைக் கீறும் இடத்தில், ஒரு தரம் நகர்த்தினால் எல்லாத் தாளிலும் நகரும். திருத்தியபின் புதுப் பிரிண்ட் கொடுக்க மட்டும் மறக்காதீர்கள்.

கட்டடம் 'ஏ' (A), மின்சாரம் 'ஈ' (E), தண்ணீர் 'பி' (P) என்று லேயர் பெயரைத் தொடங்கினால் பட்டியலில் ஒரே வேலைக்குரியவை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நிறமும் கோட்டு வகையும் பைலேயர் (ByLayer), அதாவது லேயருக்குக் கொடுத்தபடி, என்றே இருக்கட்டும். '0' என்ற பூச்சிய லேயரில் நேரே கீற வேண்டாம், அதை பிளொக்குக்கு (கதவு, யன்னல் போல ஒரு தரம் செய்து திரும்பத் திரும்ப வைக்கும் உருவுக்கு) வைத்திருங்கள்: பூச்சியத்தில் பைலேயராகச் செய்த பிளொக், எந்த லேயரில் வைக்கிறீர்களோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். அளவு போடும்போது தானாக வரும் டெஃப்பொயின்ட்ஸ் (Defpoints) லேயரில் கீறியது பிரிண்டில் வராது.

இன்னொன்று, ஓஃப் வேறு, ஃப்ரீஸ் வேறு. ஓஃப் பண்ணிய லேயரில் உள்ளவை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எல்லாவற்றையும் தெரிவுசெய்யும் 'ஓல்' (All) கொடுத்து அழித்தால் அவையும் அழிந்துபோகும். ஃப்ரீஸ் பண்ணியவை தப்பும். ஆனால் முழுப் பிளானையும் நகர்த்தும்போது அவை பழைய இடத்திலேயே நின்றுவிடும். நகர்த்தும் முன் எல்லாவற்றையும் தோ (Thaw) பண்ணுங்கள், அதாவது ஃப்ரீஸை எடுத்துவிடுங்கள்.

டெம்ப்ளேட், அதாவது புதுப் படம் தொடங்க வைத்திருக்கும் ஆயத்த பைல், கட்டாயம் வேண்டும். இந்த லேயர்களோடு அளவு ஸ்டைல், எழுத்து ஸ்டைல், பெயர்க்கட்டம், லேஅவுட் தாள்கள் எல்லாவற்றையும் வைத்து டிடபிள்யூடி (.dwt) என்ற டெம்ப்ளேட் பைலாகச் சேமியுங்கள். நான் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று மில்லிமீற்றர், மற்றது அடி அங்குலம். ஊரில் வீட்டுக்காரர் அடியில்தான் பேசுவார், நில அளவைப் படமோ மீற்றரில் வரும். மீற்றர் படத்தை மில்லிமீற்றர் பைலுக்குள் கொண்டுவந்தால் 1000 மடங்கு சரியாகப் பெருகியிருக்கிறதா என்று வளவின் ஒரு பக்கத்தை அளந்து பாருங்கள். அறைப் பெயர்களைத் தமிழில் போடுவதென்றால் எழுத்து ஸ்டைலில் லதா அல்லது நிர்மலா போன்ற யுனிகோட் எழுத்துரு வேண்டும். ஓட்டோகேட்டோடு வரும் எஸ்எச்எக்ஸ் (.shx) எழுத்துருக்களில் தமிழ் வராது.

டெம்ப்ளேட்டைப் பிறகு திருத்தினால் ஏற்கெனவே கீறிய படங்கள் மாறா. பழைய பைலுக்குப் புது லேயர்கள் வேண்டுமென்றால் ஓட்டோகேட்டிலேயே உள்ள டிசைன் சென்டரை (DesignCenter) திறந்து, டெம்ப்ளேட்டிலிருந்து இழுத்துப் போடுங்கள்.