சிங்கப்பூர் முகவரிகளை வரைபட ஆயத்தொலைவுகளாக மாற்றுவது எப்படி?

எக்செல் பட்டியலில் உள்ள சில நூறு சிங்கப்பூர் முகவரிகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பெறும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். முதியோருக்கு உணவு கொண்டு சேர்க்கும் தொண்டூழியர் குழுவுக்காக இதே வேலையைச் செய்திருக்கிறேன். முழு முகவரியைத் தேட வேண்டாம்; ஆறிலக்க அஞ்சல் குறியீட்டை மட்டும் தேடுங்கள்.

1995ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ள இக்குறியீடு, ஒரு வட்டாரத்தை அன்றிப் பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. தேக்கா நிலையம் அமைந்திருக்கும் பஃப்லோ சாலை புளோக் 665இன் குறியீடு 210665. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகள் பெரும்பாலானவற்றில் புளோக் எண் இவ்வாறு குறியீட்டின் கடைசியில் இடம்பெறுவதால், இரண்டும் பொருந்தாத வரிகளைத் தனியே எடுத்துத் தட்டச்சுப் பிழை உண்டா என்று பார்த்துவிடலாம். சாலைப் பெயரை நம்பினாலோ, 'ஜாலான்' ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் இருக்கும். சிராங்கூன் சாலையும் அப்பர் சிராங்கூன் சாலையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தேடலுக்கு முன், குறியீடுகள் உள்ள பத்தியை எண்ணாக அல்லாமல் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் நீக்கிவிடும்; 050335 என்பது 50335 ஆகிவிடும். எங்கள் முதல் பட்டியலில் சைனாடவுன், தஞ்சோங் பகார் முதியோர் அனைவரும் விடுபட்டது இதனால்தான். உணவுக்காகக் காத்திருப்பவர் பெயர் இப்படி விடுபடுவது சிறிய பிழையன்று.

சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் என்னும் இணைய வரைபடச் சேவையில் குறியீட்டைக் கொடுத்தால், அட்சரேகை, தீர்க்கரேகையுடன் எக்ஸ், ஒய் என்று வேறு இரண்டு எண்களும் வரும். அவை எஸ்விஒய்21 என்னும் உள்நாட்டு முறையில் மீட்டரில் அளந்தவை. கைப்பேசி வரைபடத்தில் அவற்றை இட்டால் பயனில்லை. அட்சரேகை 1.2க்கும் 1.5க்கும் இடையிலும், தீர்க்கரேகை 103.6க்கும் 104.1க்கும் இடையிலும் இருக்கின்றனவா என்று ஒரு சூத்திரத்தால் சோதியுங்கள். இரண்டும் இடம் மாறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். ஐந்து தசம இடங்கள் போதும். அதுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பம்.

பெயரையும் வீட்டு எண்ணையும் எந்தச் சேவைக்கும் அனுப்பாதீர்கள். தரைவீடுகளுக்குக் குறியீடே வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், வேலை முடிந்ததும் அந்த வரிகளை நாங்கள் அழித்துவிடுகிறோம்.

கிடைக்கும் புள்ளி கட்டடத்துக்கு உரியது; அதிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அது ஒன்றே. ஆகவே நீளமான புளோக்குகளுக்கு, எந்த மின்தூக்கியில் ஏற வேண்டும் என்பதை நேரில் போய்வந்த தொண்டூழியரிடம் கேட்டுத் தனிப் பத்தியில் எழுதி வையுங்கள்.