ரோமானியர் கோட்டைக் கல்லை எடுத்துக் கட்டிய எஸ்கோம்ப் தேவாலயத்தில் அப்படி என்ன விசேஷம்?

கேட்டவர் வட இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தைப் பார்த்த கையோடு, யாரோ சொன்னார்கள் என்று பிஷப் ஆக்லாந்து பக்கம் இருக்கும் எஸ்கோம்புக்கும் போயிருப்பார் என்று நினைக்கிறேன். சாதாரணக் குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே, வட்டமான கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு குட்டிக் கட்டடம். சப்பென்று இருந்திருக்கும்.

என் மச்சினனும் இதையேதான் சொன்னான். "அத்தான், ஊரான் கல்லைத் தூக்கிட்டு வந்து அடுக்கியிருக்காங்க, இதுக்கா இவ்வளவு தூரம்?" நான் கட்டட வேலையில் இருப்பவன். எனக்குச் சுருக்கென்று பட்டது. அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

இது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. ரோமானியர் போய் இரண்டரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இங்கிலாந்தின் வடக்கே கல்லில் கட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதே அரிது. லிண்டிஸ்ஃபார்ன் தீவின் பேர்பெற்ற தேவாலயத்தையே ஓக் மரத்தில் கட்டி நாணல் வேய்ந்தார்கள் என்று அந்தக் காலத்து வரலாறு எழுதிய துறவி பீட் சொல்லியிருக்கிறார். 674 வாக்கில் வேர்மவுத் மடத்தைக் கட்டிய பெனடிக்ட் பிஸ்கப், கொத்தனார்களைக் கடல் தாண்டி பிரான்ஸ் பக்கமிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பக்கத்து பின்செஸ்டர் கோட்டையில் செதுக்கிய கல் சும்மா கிடக்கிறது. எடுக்காமல் இருந்தால்தான் முட்டாள்தனம். ஹெக்ஸம் தேவாலயத்தின் நிலவறைக்கும் கார்பிரிட்ஜின் ரோமானியக் கல்தான் போனது.

எடுத்து வருவதோடு வேலை முடிந்துவிடாது. பலிபீடப் பகுதிக்குப் போகும் வளைவை அவனுக்குக் காட்டினேன். அதுவும் கோட்டையிலிருந்து பிரித்து வந்தது என்பதுதான் பலர் கருத்து. சென்ட்ரிங், அதாவது வளைவு நிற்கும்வரை அடியில் தாங்கும் தற்காலிகச் சாரம், போட்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், வளைவுக் கற்களைப் பிரித்து மறுபடி பொருத்துவது எவ்வளவு தலைவலி என்று. தாங்கும் பக்கக் கற்களைப் பாருங்கள்: ஒன்று நிமிர்த்தி, அடுத்தது படுக்கவைத்து, மறுபடி நிமிர்த்தி. படுத்த கல் சுவருக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். கல் ரோமானியருடையது, கட்டும் முறை இவர்களுடையது. மக்கள் நின்று வழிபடும் கூடத்தின் அமைப்பும் இவர்களுடையதுதான்: சுமார் 13 மீட்டர் நீளம், அகலம் நாலரை மீட்டர்கூட இல்லை, உயரமோ 7 மீட்டர். பழைய ஜன்னல்கள் சின்னதாக, உயரத்தில், உள்பக்கம் விரிந்து இருக்கும்.

வடக்குச் சுவரில் ரோமானிய ஆறாம் படைப்பிரிவின் பெயர் வெட்டிய கல் தலைகீழாக இருக்கிறது. மச்சினன் சிரித்தான், படிக்கத் தெரியாதவன் வேலை என்று. இருக்கலாம். கொத்தனாருக்குக் கல்லின் மட்டம்தான் முக்கியம், எழுத்து அல்ல. தெற்குச் சுவரில் பாம்பு சுற்றிய சூரியக் கடிகாரத்தையும் விடாதீர்கள். அது இவர்களே செதுக்கியது.

வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். பெரிய ஜன்னல்கள் பிற்காலத்தவை, முன்மண்டபமும் அப்படியே, 1875 முதல் 1880 வரை பழுதுபார்த்தார்கள். எல்லாம் தெரியும். நான் பேசுவது மூலச் சுவரைப் பற்றி.

பழைய கல் என்றாலே இளப்பமாகப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முன்பு நான் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர், ஒரு பழைய வீட்டை இடித்தபோது அருமையான மணற்கல்லையெல்லாம் குப்பை லாரியில் ஏற்றச் சொன்னார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

சரி, எஸ்கோம்புக்கு வருவோம். இந்த ஊர்க்காரர்களுக்கே இது போதவில்லை. 1863இல் வேறொரு புதுத் தேவாலயம் கட்டிக்கொண்டு இதைப் பாழாக விட்டார்கள். அந்தப் புதியதை 1971இல் இடித்துவிட்டார்கள். இப்போது வழிபாடு பழையதில்தான்.