வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: சென்னைக்கும் மதுரைக்கும் 418 கி.மீ. என்று ஓரிடத்திலும் 460 கி.மீ. என்று இன்னோரிடத்திலும் பார்த்தேன். எது சரி? 75 வயது அம்மாவை தி.நகரிலிருந்து மேலூருக்கு அழைத்துப்போக வேண்டும். விமானமா, காரா?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டுமே சரி. 418 என்பது மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் அளந்தது. 460 என்பது செங்கல்பட்டு, திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, திருச்சி வழியாகச் சாலை போகும் தூரம்.

டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். தி.நகரிலிருந்து மீனம்பாக்கம் 40 நிமிடம். செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்பதால் நீங்கள் இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். இறங்கிப் பெட்டி எடுக்க 25 நிமிடம். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம், மேலூரோ வடக்கே. ரிங் ரோட்டில் சுற்றிப் போக ஒரு மணி நேரம். ஆக மொத்தம் ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல்.

காரில் போனால் மேலூர் மதுரைக்கு முன்பே வந்துவிடும், சுமார் 430 கி.மீ. சராசரி 70 கி.மீ. வேகத்தில் ஆறேகால் மணி நேரம், நிறுத்தங்களோடு ஏழு. விமானத்தில் போனால் மிச்சமாவது ஒன்றே முக்கால் மணி நேரம்தான். பெட்டி சுமந்து, வரிசையில் நின்று, இரண்டு முறை வண்டி மாறும் சிரமத்துக்கு இது போதாது. கார்தான் என் யோசனை.

ஆனால் விடிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி நெரிசலில் சிக்கினால் ஒரு மணி நேரம் போய்விடும். பிறகு வேகமாக ஓட்டி அதைப் பிடிக்க முடியாது. 430 கி.மீ. முழுக்க 80-ஐ 90 ஆக்கினால்கூட மிச்சம் 36 நிமிடம்தான். விக்கிரவாண்டி, பெரம்பலூர், விராலிமலை என மூன்று இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பத்து நிமிடம் நடக்க வையுங்கள். காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கும். பரனூர் முதல் பூதகுடி வரை வரிசையாக டோல்கேட். ஃபாஸ்டேக்கில் பணம் இல்லையென்றால் கூடுதல் கட்டணம்.

பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் என்றால் விமானமே மேல். சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே சொல்லிவையுங்கள். ஏ.டி.ஆர். எனும் சிறிய விசிறி விமானத்தில் வால்பக்கக் கதவிலேயே படி இருக்கும்; ஏற முடியுமா என்று அம்மாவிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து மதுரை வரும் விமானம் சில நாள் கடல் பக்கம் கிளம்பித் திரும்புகிறதே?
– வாசகர், பரமக்குடி

பதில்: காற்றை எதிர்த்துத்தான் விமானம் எழும்பும். வடக்கை 0 என்று வைத்து வலமாக அளந்தால், சென்னையின் முதன்மை ஓடுபாதை 70, 250 டிகிரி திசைகளில் இருக்கிறது. மதுரை சுமார் 213 டிகிரியில். மேற்கிலிருந்து காற்று வீசினால் 250-இல் எழும்பிச் சற்றே வளைந்தால் போதும். கிழக்கிலிருந்து என்றால் 70-இல் கடலை நோக்கி எழும்பி, 143 டிகிரி திரும்ப வேண்டும்.