பார்படோஸ் மக்கள் வீட்டில் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

கேள்வி: பார்படோஸ் மக்களின் அன்றாட, பாரம்பரிய உணவுகள் என்னென்ன? கரீபியன் தீவுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சாப்பாடுதானா?

இல்லை. ஜமைக்காவின் ஜெர்க் சிக்கனையும் டிரினிடாடின் டபுள்ஸையும் எடுத்துப் போட்டு 'பார்படோஸ் உணவுகள்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மக்களுக்கு, அதாவது பேஜன்களுக்கு, இது பெரிய அநியாயம். வேலை விஷயமாகச் சில காலம் அந்நாட்டுத் தலைநகர் பிரிட்ஜ்டவுன் பக்கம் குடியிருந்தேன். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரப் பாட்டியின் சமையலறையில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இந்தப் பதில்.

அங்கே இன்றைக்கு என்ன சமையல் என்பதைக் கிழமையை வைத்தே சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை கூக்கூ. சனிக்கிழமை புட்டிங்கும் சௌஸும். ஞாயிறு மக்ரோனி பை. எல்லா வீட்டிலும் இப்போது அப்படியே நடப்பதில்லை என்றாலும், பழைய ஆட்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

முதலில் கூக்கூ. பறக்கும் மீன் குழம்போடு சேர்ந்த கூக்கூதான் அந்த நாட்டின் தேசிய உணவு. மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டுகிற களி என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். பாட்டி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாவைத் தண்ணீரில் ஊறவைத்துவிடுவார். வெண்டைக்காயை வட்டமாக நறுக்கி, வெங்காயம், தைம் என்ற வாசனைத் தழை, உப்பு சேர்த்து வேகவைப்பார். வெந்த தண்ணீர் கொழகொழவென்று இருக்கும். அதைக் கீழே ஊற்றிவிட்டால் கூக்கூ இல்லை. அந்தத் தண்ணீரைத் தனியாக வடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாவில் விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டுவதற்கென்றே தட்டையான மரத்துடுப்பு ஒன்று உண்டு. கை நின்றால் கட்டி தட்டிவிடும். பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது வெண்டைக்காயைச் சேர்த்து, வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் போட்டு உருட்டித் தட்டில் கவிழ்ப்பார். நடுவில் கரண்டியால் ஒரு குழி. அதில்தான் குழம்பு ஊற்ற வேண்டும்.

குழம்பில் போகும் பறக்கும் மீனை முள்ளெடுத்துத்தான் விற்பார்கள். சந்தையில் பெண்கள் சின்னக் கத்தியால் நடுமுள்ளையும், பக்கவாட்டில் இருக்கும் பொடி முள்ளையும் உருவி எடுக்கும் வேகத்தைக் கண்ணால் பின்தொடரவே முடியாது. வெங்காயத்தாள், தைம், மார்ஜோரம், பூண்டு, மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்ந்த பச்சை மசாலாவை உள்ளே தடவி, மீனைச் சுருட்டி, தக்காளிக் குழம்பில் வைத்து மூடி வேகவிடுவார்கள். இந்தப் பச்சை மசாலா ஒவ்வொரு வீட்டிலும் பாட்டிலில் தயாராக இருக்கும். கோழியோ மீனோ, அது படாமல் அடுப்புக்குப் போகாது.

பறக்கும் மீன் அவர்களுக்கு வெறும் மீன் இல்லை. ஒரு டாலர் நாணயத்தில் அதன் உருவம் இருக்கிறது. அதைப் பிடிக்கும் உரிமை பற்றி டிரினிடாட் அண்ட் டொபேகோவோடு தகராறு முற்றி, பன்னாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2006-இல் கடல் எல்லைத் தீர்ப்பு வந்தது. 2011-இலிருந்து சர்காசம் என்ற கடற்பாசி கூட்டம் கூட்டமாக வந்து அடைவதும், மீன்வரத்து குறைவதும் மீனவர்களுக்குப் பெரிய கவலை. கிடைக்காத மாதங்களில் கூக்கூவுக்கு உப்பிட்ட காட் மீன்தான் துணை.

அந்த உப்பு மீன் எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1640-களில் கரும்பு வந்தபிறகு தீவின் நல்ல நிலமெல்லாம் கரும்புக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு வெளியிலிருந்து வரும் மலிவான உணவைத்தான் படியளந்தார்கள். வட அமெரிக்கக் கரையில் பிடித்து உப்பிட்ட காட் மீனில் மட்டமான ரகம் இந்தத் தோட்டங்களுக்கு வந்தது. இங்கிருந்து ரம்மும் கரும்புப்பாகும் போயின. ஒதுக்கித் தள்ளிய அந்த மீனிலிருந்துதான் இன்று தீவே விரும்பித் தின்னும் ஃபிஷ் கேக் வந்தது. மீனை ஊறவைத்து உப்பை எடுத்து, உதிர்த்து, மைதா மாவில் தைமும் மிளகாயும் சேர்த்துக் கலந்து, உருண்டையாக எண்ணெயில் பொரிக்கிறார்கள். இரண்டு ஃபிஷ் கேக்கை 'சால்ட் பிரெட்' என்ற வட்ட ரொட்டிக்குள் வைத்தால் 'பிரெட் அண்ட் டூ'. பள்ளிப் பிள்ளையிலிருந்து அலுவலகம் போகிறவர் வரை எல்லோருக்கும் அதுதான் அவசரப் பசிக்கு. எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்ததும் அதுவே.

சனிக்கிழமை உணவும் இதே கதைதான். பன்றியின் தலை, கால் என்று எசமானர்கள் வேண்டாமென்று விட்ட பாகங்களை வேகவைத்து, எலுமிச்சைச் சாறு, வெள்ளரி, வெங்காயம், மிளகாய், பார்ஸ்லி சேர்த்து ஊறப்போட்டு ஆறியபின் சாப்பிடுவது சௌஸ். கூடவே, துருவிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசாலாவோடு சேர்த்து வேகவைத்த புட்டிங். முன்பு பன்றிக்குடலைச் சுத்தம் செய்து அதில் அடைப்பார்கள். இப்போது பலர் பாத்திரத்திலேயே வேகவைத்துவிடுகிறார்கள். புளிப்பும் காரமும் ஒரு பக்கம், கிழங்கின் இனிப்பு இன்னொரு பக்கம். இதை ருசிக்காமல் ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஞாயிறு மக்ரோனி பை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்: மக்ரோனி, செடார் சீஸ், பால், கெட்சப், கடுகு பேஸ்ட் கலந்து ஓவன் அடுப்பில் சுடுவது. பக்கத்தில் கோழி வறுவல், துவரை போட்டு வடித்த சோறு. நம் ஊரில் விளையும் அதே துவரைதான்.

நவம்பரில் போனால் காங்கி கிடைக்கும். மக்காச்சோள மாவு, தேங்காய்த் துருவல், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, உலர்திராட்சை, ஜாதிக்காய் எல்லாம் பிசைந்து, தீயில் வாட்டிய வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். முன்பு பிரிட்டிஷாரின் கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5-க்குச் செய்ததை, 1966-இல் விடுதலை கிடைத்தபின் நவம்பர் 30-க்கு, தங்கள் சுதந்திர நாளுக்கு, மாற்றிக்கொண்டார்கள். இலையைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்காகவே சாப்பிடலாம்.

காரம் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்காட்ச் பானெட் மிளகாய், கடுகு, மஞ்சள், வினிகர் போட்டு அரைத்த மஞ்சள் நிற மிளகாய் சாஸ் எல்லா மேசையிலும் இருக்கும். முதலில் ஒரு துளி போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்க 'மாபி' கேளுங்கள். ஒரு மரப்பட்டையை லவங்கப்பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்துச் சர்க்கரை சேர்த்த பானம் அது. முதலில் இனிக்கும், பிறகு நன்றாகக் கசக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துவரைச் சோற்றில் உப்பிட்ட பன்றிவால் துண்டு போட்டிருக்கக்கூடும், அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். காங்கி, மக்ரோனி பை, சுட்ட ஈரப்பலா, தேங்காய் வைத்த இனிப்பு ரொட்டி இவற்றை நம்பலாம். முட்டை, வெண்ணெய் ஆகாதென்றால் மட்டும் காங்கியையும் மக்ரோனி பையையும் ரொட்டியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ராஸ்டஃபாரி என்ற சமயத்து மக்கள் நடத்தும், 'இட்டால்' எனப்படும் அவர்களுடைய உணவு விற்கும் கடைகளில் பெரும்பாலும் காய்கறிச் சமையல்தான், உப்புகூடக் குறைவாகவே போடுவார்கள்.