எழுபதாயிரத்துக்குள் ஏழு பேர்

போன இதழில் "ஏழு இருக்கை காடிகளைப் பற்றிக் கேட்கலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரோடுவாவின் ஏழு இருக்கை காடியான அல்சாவைச் சுற்றியே இருப்பதால் இந்த மாதம் மற்ற கேள்விகளுக்கு விடுமுறை.

கேள்வி: அண்ணே, நாங்கள் ஆறு பேர். நான், கணவர், மாமியார், அப்புறம் 12, 9, 4 வயதில் பிள்ளைகள். இப்போது இருப்பது பெரோடுவாவின் சின்னக் காடி மைவி. அல்சா எடுக்கலாம் என்கிறேன். கொழுந்தனாரோ "அதில் கடைசி இருக்கை பொம்மை வைக்கத்தான்" என்கிறார். மாதம் 750 வெள்ளிக்கு மேல் தவணை கட்ட முடியாது. எடுக்கலாமா? – வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: எடுக்கலாம் தங்கச்சி. கொழுந்தனார் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால் அவரோடு சண்டை வேண்டாம்.

முதலில் அளவைப் பாருங்கள். இப்போது விற்கும் அல்சா 2022 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை, நீளம் 4,425 மில்லிமீட்டர். உங்கள் மைவி புதிய வடிவம் என்றால் 3,895. நீளத்தில் அரை மீட்டருக்குச் சற்று மேலே கிடைக்கிறது, சரி. அகலம்? அல்சா 1,730, மைவி 1,735. அகலத்தில் நீங்கள் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. நடு வரிசையில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்து உட்காருவது மைவியில் எப்படியோ இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான், விற்பவர் என்ன சொன்னாலும். இதில் ஒரு நன்மையும் உண்டு, உங்கள் அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் பக்கத்துக் காடியோடு உரசும் பயம் அதிகமாகாது. பின்னால் வால் நீட்டிக்கொண்டு நிற்காதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாரைக் கடைசி வரிசைக்கு அனுப்பும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மடித்த இருக்கையைத் தாண்டி ஏற வேண்டும், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பை விட மேலே நிற்கும். அவருக்கு முன் இருக்கைதான். நாலு வயதுக் குழந்தையின் பாதுகாப்பு இருக்கையை நடு வரிசையில் ஓட்டுநருக்குப் பின்னால் கட்டுங்கள். ஏன் அந்தப் பக்கம் என்றால், குழந்தை இருக்கை கட்டிய பக்கத்தை மடிக்க முடியாது, மடிக்காமல் கடைசி வரிசைக்கு வழி கிடையாது. இடது பக்கம் காலியாக இருந்தால் பெரிய பிள்ளைகள் நடைபாதை ஓரமாகவே ஏறி இறங்குவார்கள். வலது பக்கம் திறந்தால் ஓடுகிற லாரியைப் பார்த்து இறங்க வேண்டும், காலையில் பள்ளி வாசலில் அது வேண்டவே வேண்டாம்.

இப்போது சாமான். மூன்று வரிசையிலும் ஆள் இருந்தால் பின்னால் மிஞ்சுவது 137 லிட்டர். இரண்டு பள்ளிப் பையும் கொஞ்சம் காய்கறியும் வைத்தால் கதவை அமுக்கிச் சாத்த வேண்டியிருக்கும். மடித்தால் 498 லிட்டர், அது நல்ல இடம். ஆகவே இந்த விலையில் உள்ள எந்த ஏழு இருக்கை காடியும் ஏழு பேரை ஏற்றும், இல்லையென்றால் நாலைந்து பேரோடு பெட்டிகளை ஏற்றும், இரண்டையும் ஒரே நாளில் செய்யாது. உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடைசி வரிசை பாதிப் பாதியாக மடியும். ஊருக்குப் போகும்போது ஒரு பிள்ளையை மட்டும் அங்கே உட்கார வைத்து மறு பாதியை மடித்துப் பெட்டி வையுங்கள், நடுவில் நீங்களும் இரண்டு பிள்ளைகளும். நெருக்கம்தான், தாங்கும்.

ஷோரூமில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நடு வரிசை முன்னும் பின்னும் நகரக்கூடியது. அதை முழுக்க முன்னே தள்ளிவிட்டு, கடைசி வரிசையைக் காட்டி "உட்கார்ந்து பாருங்க, எவ்வளவு இடம்!" என்பார்கள். உட்கார்ந்துவிட்டு, அந்த விற்பனையாளரையே நடு வரிசையில் உங்களுக்கு முன்னால் உட்காரச் சொல்லுங்கள். அவர் வசதிக்கு இருக்கையைப் பின்னே தள்ளும்போது உண்மை தெரிந்துவிடும். ஆறு பேரும் சேர்ந்து போங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு. தனியாகப் போய் ஸ்டீயரிங்கை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

பணம்: வெளியானபோது காப்புறுதி சேர்க்காமல் 62,500, 68,000, 75,500 வெள்ளி என்று மூன்று ரகங்கள். நடு ரகத்துக்கு 10 விழுக்காடு முன்பணம் போக கடன் 61,200. வட்டி 3 விழுக்காடு நிலையான கணக்கு என்று வைத்துக்கொண்டால் 9 ஆண்டுக்கு மாதம் சுமார் 720, 7 ஆண்டுக்கு சுமார் 882. உங்கள் 750-க்குள் 9 ஆண்டுதான் வரும், அதற்காக வட்டி 3,672 வெள்ளி கூடுதலாகப் போகும். முதல் ரகத்தையே எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள், தாராளமாக எடுக்கலாம். எதிரே மோதப் போகும்போது தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி அடிப்படை ரகத்திலேயே இருக்கிறது. மேலே போகப் போகச் சொகுசும் அலங்காரமும் கூடும், உச்ச ரகத்தில் இன்னும் சில பாதுகாப்பு உதவிகளும் உண்டு.

லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். அது சோதனைக் கணக்கு. ஆறு பேரோடு, ஏர்கோன் முழு வேகத்தில், ஜெலுத்தோங் நெரிசலில் நின்று நின்று போகும் காடிக்கு 13, 14 கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். தொட்டி 43 லிட்டர், புடி95 என்ற அரசு மானியப் பெட்ரோல் விலையான லிட்டருக்கு 1.99 வெள்ளியில் காலியிலிருந்து நிரப்ப 86 வெள்ளி போதும்.

கேள்வி: புது அல்சாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட இல்லாமல் பழைய புரோட்டோன் எக்சோரா கிடைக்கிறது. அதுதானே புத்திசாலித்தனம்? – வாசகர், செந்தூல்

பதில்: இடம் மட்டும்தான் முக்கியம் என்றால் ஆமாம் தம்பி. எக்சோராவின் அகலம் 1,809 மில்லிமீட்டர், அல்சாவை விட எட்டு சென்டிமீட்டர் கூடுதல். மூன்று பெரியவர்கள் நடுவில் உட்காரும்போது அந்த எட்டு சென்டிமீட்டரின் அருமை தெரியும். கடைசி வரிசையிலும் ஆள் மாதிரி உட்காரலாம்.

ஆனால் 2009-இல் வந்து 2023-இல் நிறுத்தப்பட்ட வண்டி அது. தவணையில் மிச்சமாவதில் ஒரு பங்கு பட்டறைக்குப் போகும் என்று முதலிலேயே ஒதுக்கி வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். டர்போ ரகம் என்றால் எஞ்சின் குளிர்ச்சிக் குழாய்களையும் ஆயில் கசிவையும் தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். பின் ஏர்கோனை மதியம் இரண்டு மணி வெயிலில் நிறுத்திப் போட்டுப் பாருங்கள், காலை எட்டு மணிக்கு எல்லா ஏர்கோனும் குளிரும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாங்குகிறீர்கள், அதனால் வெள்ளத்தையும் யோசியுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனை காடிகள் கூரை வரை மூழ்கின என்று எல்லோரும் பார்த்தோம். கடைசி வரிசை சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுங்கள். யாரும் பயன்படுத்தாத பெல்ட் அது, கழுவுகிறவர்களும் அதை மறந்துவிடுவார்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் நிறக் கோடு தெரிந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 பரிசோதனையில் தேறியது என்று காகிதம் காட்டுவார்கள். பெயர் மாற்ற அது வேண்டும்தான், வண்டியின் ஆயுளுக்கு அது உத்தரவாதம் இல்லை.

கேள்வி: எங்கள் வீடு பாலிக் பூலாவில். துன் சார்டோன் மலைச்சாலையில் ஏழு பேரோடு அல்சா ஏறுமா? டொயோட்டா வேலோஸ் அல்லது மிட்சுபிஷி எக்ஸ்பேண்டர் எடுக்கலாமா? – வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: ஏறும். சத்தம் போட்டுக்கொண்டு ஏறும். அல்சாவின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 106 குதிரை சக்தி, அதன் முழு இழுவையான 138 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4,200 சுழற்சியில்தான் வருகிறது. ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ, பத்துக் கிலோ அரிசி மூட்டை நாற்பத்தைந்தை ஏற்றியது போல. சிவிடி என்ற படியில்லாத தானியங்கி கியர் எஞ்சின் சுழற்சியை மேலேயே பிடித்து வைத்துக்கொண்டு கத்தும். கோளாறு ஏதும் இல்லை, பயந்து காலை எடுத்தால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார்.

வேலோஸ் அதே எஞ்சின், அதே கியர்பெட்டி, 2022-இல் 95,000 வெள்ளிக்கு வந்தது. அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. மலை ஏறுவதற்காக அந்த இருபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்பேண்டரும் 105 குதிரை சக்திதான், அதுவும் பழைய பாணி நாலு கியர் ஆட்டோமேட்டிக். அது ஜெயிப்பது தரை இடைவெளியில். 205 மில்லிமீட்டர், அல்சாவுக்கு 160. உங்கள் வீட்டுக்குப் போகும் வழி டுரியான் தோட்டத்துக் கரடுமுரடுப் பாதை என்றால் அது பெரிய விஷயம், தார் ரோடு என்றால் இல்லை.

ஏறுவதை விட இறங்குவதைத்தான் நான் யோசிப்பேன். முழு பாரத்தோடு அந்த வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும், ஆகவே கியரைக் கீழே இறக்கி எஞ்சினையே வேகத்தைப் பிடிக்க விடுங்கள். டயர் காற்றும் அப்படித்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாரம் கூடும்போது எவ்வளவு வேண்டும் என்று அதைப் பார்த்து அடியுங்கள், பம்ப் மெஷினில் முன்னால் வந்தவர் வைத்துவிட்டுப் போன எண்ணை அப்படியே அமுக்காதீர்கள்.

கேள்வி: கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் எட்டு பேர் போகலாமா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கூடாது. ஏழு பெல்ட், ஏழு பேர். குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் சட்டம்.

கேள்வி: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு மகனின் காவடியை அல்சாவில் கொண்டு போக முடியுமா? – வாசகர், பிறை

பதில்: கழற்றி மாட்டும் காவடி என்றால் பின் இரண்டு வரிசையையும் மடித்துப் பாருங்கள், ஆனால் லிட்டர் கணக்கை நம்பாமல் பின் கதவின் வாய் அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். மடித்த இருக்கைகளும் முழுச் சமதளமாக இருக்காது, அடியில் ஒரு பழைய மெத்தை போடுங்கள். கூரையில் கயிறு கட்டி ஏற்றும் யோசனை இருந்தால் ஒரு சின்ன லாரி பிடிப்பது மலிவு. பால்குடம் என்றால் நடு வரிசையில் காலிடுக்கில், தரையில் வையுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்தால் முதல் வளைவிலேயே அபிஷேகம் அவருக்குத்தான்.