முதலில் மெடிக்கல், அப்புறம்தான் பணம்

முன்னாள் ஹவில்தார், பாலக்கோடு: வயது 39. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுக்க முடியுமா?

லைசென்ஸுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. வேலை கொடுக்கும் நிறுவனம் பார்க்கிற வயது வேறு. ஆனால் படையிலிருந்து எந்த மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதித் தரத்தில்) வெளியே வந்தீர்கள் என்று எழுதவே இல்லையே! அது தெரியாமல் மேற்கொண்டு என்ன சொல்வது?

முன்னாள் விமானப்படை டெக்னீஷியன், ஊத்தங்கரை: 20 வருடம் விமானங்களோடுதான் இருந்தேன். கமர்ஷியல் லைசென்ஸுக்குப் பறக்க வேண்டிய 200 மணி நேரத்தில் சலுகை உண்டா?

கிடையாது. பைலட்டாகப் பறந்து லாக்புக்கில் ஏறிய மணிதான் கணக்கு. உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு இருப்பது விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸில். அந்தப் பக்கம் விசாரியுங்கள்.

ஓய்வுபெற்ற நாயப் சுபேதார், காவேரிப்பட்டினம்: அமெரிக்காவில் பத்தே மாதத்தில் லைசென்ஸ், வந்ததும் ஏர்லைன் வேலை என்கிறார் ஏஜென்ட். முன்பணம் 15 லட்சம். கமுட்டேஷன் பணம் (பென்ஷனில் ஒரு பகுதிக்கு முன்கூட்டியே வாங்கிய மொத்தத் தொகை) அப்படியே இருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். இதே கேள்வி ஓயாமல் வருகிறது. நானும் இதே பதிலைத்தான் சொல்கிறேன். கமுட்டேஷன் இனாம் இல்லை. 15 வருடம் மாதாமாதம் உங்கள் பென்ஷனில் பிடிக்கப்படும் பணம். ஏஜென்ட் அதை விழுங்கினாலும் பிடித்தம் நிற்காது.

முதலில் பைலட்டுக்கான ஆரம்ப மருத்துவப் பரிசோதனையான கிளாஸ் 2 மெடிக்கல், பிறகு கமர்ஷியல் லைசென்ஸுக்கான கிளாஸ் 1. படையில் முழு உடல்தகுதி என்று ஷேப்-1ஆக வெளியே வந்தது இங்கே செல்லாது. கண், காது, இ.சி.ஜி. எல்லாம் புதிதாகப் பார்ப்பார்கள். பெங்களூரு விமான மருத்துவ நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். அடுத்தது, அமெரிக்க லைசென்ஸை இங்கே மாற்ற டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வுகளில் தாளுக்கு 70 சதவீதம் வேண்டும். புத்தகத்தை மூடி வைத்து இருபது வருடம் ஆனவர்களுக்கு நேவிகேஷன் (வழி கணிப்பது), மீட்டியராலஜி (வானிலை) இரண்டும் லேசில் வராது. புறப்படும் முன்பே எழுதி முடியுங்கள். தொழிற்பயிற்சிக்கான அமெரிக்க எம்-1 விசாவில் படிக்கும்போது பகுதிநேர வேலை பார்க்க முடியாது. திரும்பியதும் டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிப் பயிற்சி) தனியாக 15, 20 லட்சம் ஆகும். இதில் எதையாவது ஏஜென்ட் சொன்னாரா?

நீங்கள் அனுப்பிய ரசீது மாதிரியைப் பார்த்தேன். மேலே ‘ஆலோசனைக் கட்டணம்’. அடியில் பொடி எழுத்தில் ‘திருப்பித் தரப்படாது’. பயிற்சிப் பள்ளியின் பெயர் எங்குமே இல்லை. பணத்தைப் பள்ளியின் வங்கிக் கணக்கிலேயே, பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுங்கள். சம்மதிக்காத பள்ளி வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், மெடிக்கல் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

முன்னாள் படைவீரர், அரூர்: என் வெளிநாட்டுப் படிப்புக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை கிடைக்குமா?

கிடைக்காது. அது முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும், அதுவும் இந்தியாவில் படித்தால்தான். தமிழக அரசு முன்னாள் படைவீரர்களுக்குத் தரும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டமும் உதவாது; அது தொழில் தொடங்க. கல்விக் கட்டணத்துக்கு அல்ல. விண்ணப்பிக்கும் முன் விதிமுறையை ஒருமுறை படித்தால் என்ன?

முன்னாள் நாயக், பென்னாகரம்: 15 வருட சர்வீஸுக்குக் கொடுத்த பட்டதாரிச் சான்றை வைத்து கனடாவில் எம்.பி.ஏ. சேரலாமா?

அது சில அரசு வேலைகளுக்கு மட்டும் பட்டத்துக்கு ஈடு. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. முதலில் இக்னோவிலாவது ஒரு டிகிரி முடியுங்கள்.

வாசகர், ஓசூர்: பேளகொண்டப்பள்ளியில் ரன்வே இருக்கிறதே, அங்கேயே கற்கலாமா?

ரன்வே இருந்தால் பயிற்சிப் பள்ளி ஆகிவிடாது. டி.ஜி.சி.ஏ. அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குப் பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி தூரமில்லை.

ஓய்வுபெற்ற சுபேதார், தர்மபுரி: வெளிநாடு போனால் பென்ஷன் நிற்குமா?

நிற்காது. வருடா வருடம் உயிர்வாழ் சான்று மட்டும் படைவீரர் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்குத் தவறாமல் போக வேண்டும்; இந்தியத் தூதரகம் மூலமும் கொடுக்கலாம்.